அடைக்கலம் முன், உபதேசம் பின்: துயருற்ற இளையோருக்கு வழிகாட்டுவது குறித்து

துன்பத்தில் இருக்கும் இளையவரிடம் பெரியவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று அடைக்கலம் தருவது, மற்றொன்று அறிவு சொல்வது. உபதேசம் பெறுவதற்குத் தகுதி வேண்டும். அடைக்கலம் பெறுவதற்குத் துன்பம் ஒன்றே போதும். சமய மரபுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே பேசுகின்றன. ஆனால் வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிறது. தேர்வில் தோற்ற பிள்ளைக்கு முதலில் கிடைப்பது அறிவுரை. பிள்ளை அதைக் கேட்டு நடந்தால்தான் ஆதரவு, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எது முன், எது பின், பெரியவரின் பொறுப்பு எதுவரை என்பது பழைய கேள்வி. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கோயில்களும் தேவாலயமும் சார்ந்த கதைகளில் அதற்கு விடை தேட முடியும்.

உபதேசத்தின் நிபந்தனை

இந்தியச் சமயங்களில் உபதேசம் எளிதில் கிடைக்கும் பொருளாக இருந்ததில்லை. எட்டெழுத்துத் திருமந்திரத்தின் பொருளைக் கேட்க இராமானுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. சைவ சித்தாந்தத்தில் மாணவரின் பக்குவம் முக்கியமானது. உயிரை மறைக்கும் ஆணவ மலம் பரிபாகம் அடைந்து திருவருள் பதியும் நிலையில்தான் குரு வெளிப்படுவார் என்பது அதன் கொள்கை.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமைகளால் தலை, இடை, கடை எனத் தரம் பிரிக்கிறது. யாருக்கு நூல் சொல்லக் கூடாது என்ற பட்டியலும் அதில் உண்டு. சோம்பேறி, கர்வி, திருடன் ஆகியோருடன் நோயாளி, கோபத்தில் இருப்பவன், நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறும் உள்ளம் கொண்டவன் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இரக்கமற்ற விதி. கல்வி மறுக்கப்பட்டவர்களின் வரலாறு நீண்டிருக்கும் நாட்டில் எந்த விலக்குப் பட்டியலையும் ஐயத்தோடு படிப்பதே முறை. ஆனாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. நோயும் கோபமும் அச்சமும் ஒருவரைப் பிடித்திருக்கும் நேரத்தில் சொல்லப்படும் பாடம் உள்ளே இறங்காது. அந்த நிலையில் இருப்பவருக்கு முதலில் வேறொன்று தேவைப்படுகிறது. அது என்ன என்று இலக்கண நூல் சொல்லவில்லை. அது நூல் கற்பிக்கும் முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த விடையைப் புராணங்களிலும் அடியார் வரலாறுகளிலும் தேட வேண்டும்.

திருமழபாடி: ஆயுள் குறைந்த பிள்ளை

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் உள்ள திருமழபாடி, தேவார மூவர் பாடல் பெற்ற தலம். அங்கே இறைவன் பெயர் வைத்தியநாதர். ஆண்டுதோறும் பங்குனி மாதம் புனர்பூச நாளில் அங்கு நந்தியெம்பெருமான் திருக்கல்யாணம் நடக்கிறது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது சுற்றுவட்டார வழக்கு. திருமணம் தள்ளிப்போகும் இளைஞர்களும் பெண்களும் அன்று கூட்டமாக வருகிறார்கள்.

தலபுராணப்படி, பிள்ளையில்லாத சிலாத முனிவர் வேள்விக்கு நிலத்தை உழும்போது கிடைத்த குழந்தையே நந்தி. அந்தக் குழந்தைக்கு ஆயுள் குறைவு என்றும் சொல்லப்பட்டிருந்தது. வளர்த்தவர்கள் கலங்கினார்கள். காரணம் தெரிந்ததும் பிள்ளை தானே தவத்துக்குப் புறப்பட்டான். திருவையாற்றில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்து, நீண்ட ஆயுளும் சிவகணங்களின் தலைமையும் பெற்றான். பிறகு திருமழபாடியில் சுயசாம்பிகையுடன் திருமணம் நடந்தது.

சைவ சித்தாந்தக் குருமரபின் அகச்சந்தானம், அதாவது தெய்வ நிலைக் குருக்களின் வரிசை, இந்த நந்தியிடமிருந்தே தொடங்குகிறது. நந்தி, சனற்குமாரர், சத்தியஞான தரிசினிகள், பரஞ்சோதி முனிவர் என்று அது வந்து, மெய்கண்டாரிடம் புறச்சந்தானமாக, அதாவது மனிதக் குருக்களின் வரிசையாகத் தொடர்கிறது. அந்தக் குருவரிசையின் தலைவரே இளமையில் மரணபயத்தைக் கடந்த பிள்ளையாக இருந்தவர். துயரைத் தானே அனுபவித்தவருக்கு வழிகாட்டும் உரிமை இயல்பாக வந்து சேர்கிறது என்று இதைப் படிக்கலாம். சிலாதரின் பங்கும் கவனிக்கத் தக்கது. மகனின் நிலையை அவரால் மாற்ற முடியவில்லை. உண்மையைப் பிள்ளையிடமிருந்து கடைசிவரை மறைக்கவும் இல்லை, அவன் எடுத்த முடிவுக்குக் குறுக்கே நிற்கவும் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரம்: கேட்காமல் அடித்த தந்தை

முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வடக்கு வாயிற்படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம் உள்ளது. உமையுடன் அமர்ந்த சிவன், காலடியில் கைகூப்பி இருக்கும் இளைஞனின் தலையில் தன் கையாலேயே மாலையைச் சுற்றுகிறார். அதே வாயிலின் மறுபக்கத்தில் சரசுவதி அமர்ந்திருக்கிறாள். சண்டேசரின் இடத்தில் இராசேந்திரனையே வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு.

சண்டேசரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். மண்ணியாற்றங்கரையில் உள்ள சேய்ஞலூரில் எச்சதத்தர் என்பவரின் மகன் விசாரசருமரே பின்னாளில் சண்டேசர் ஆனார். ஊர்ப் பசுக்களை மேய்ப்பவன் ஒரு பசுவை அடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், மேய்க்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். பசுக்கள் தாமாகவே பால் சொரிந்தன. சிறுவர் ஆத்தி மரத்தடியில் மணலால் இலிங்கம் செய்து அந்தப் பாலை ஆட்டினார். பாலை மணலில் வீணாக்குகிறான் என்று ஒருவன் ஊராரிடம் சொல்ல, ஊரார் தந்தையிடம் முறையிட்டார்கள். எச்சதத்தர் மறுநாள் மறைந்திருந்து பார்த்தார். வந்து கோலால் அடித்தார். வழிபாட்டில் ஆழ்ந்திருந்த பிள்ளைக்கு அது உறைக்கவில்லை. தந்தை பால்குடத்தைக் காலால் இடறினார். சிறுவர் எடுத்த கோல் மழுவாக மாறித் தந்தையின் காலைத் துணித்தது. இறைவன் தோன்றி, இனி உனக்கு நானே தந்தை என்று சொல்லி மாலை சூட்டினார்.

இந்தக் கதையின் வன்முறை இன்றைய வாசகரை உறுத்தும். பக்தியின் எல்லையைக் காட்டும் கதை என்றே சைவ மரபு அதைக் கொள்கிறது. வழிகாட்டுதல் என்ற நோக்கில் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. ஊரார் புகார் சொன்னபோது எச்சதத்தர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். மகன் என்ன செய்கிறான், ஏன் செய்கிறான் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் என்ன பேசும் என்ற அச்சம், பிள்ளையின் மனத்தை அறியும் ஆவலை விட வலுவாக இருந்தது. கேட்காமல் அடிப்பவர் தந்தை என்ற நிலையை இழக்கிறார், அந்த இடம் வேறொருவருக்குப் போகிறது. அப்படி இழந்த எச்சதத்தரும் கைவிடப்படவில்லை. அவரும் குற்றம் நீங்கிச் சிவலோகம் அடைந்ததாகவே சேக்கிழார் முடிக்கிறார். தவறிய பெற்றோருக்கும் திரும்பும் வழி உண்டு என்பது அந்த முடிவின் பொருள்.

திலகவதியார்: அடைக்கலத்தின் முழு வடிவம்

துயருற்ற இளையவரைத் தாங்கிய பெரியவருக்குத் தமிழ்ச் சைவ மரபில் மிக நிறைவான உதாரணம் திருநாவுக்கரசரின் தமக்கை திலகவதியார். அவர்கள் ஊர் இன்றைய கடலூர் மாவட்டப் பகுதியில் உள்ள திருவாமூர். தந்தை புகழனார் நோயில் இறந்தார், தாய் மாதினியாரும் உடன் மறைந்தார். திலகவதிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். அவரோடு உயிர்விடத் துணிந்த தமக்கையிடம், நீங்களும் போனால் உங்களுக்கு முன் நான் போவேன் என்றான் பின்னாளில் திருநாவுக்கரசரான சிறுவன் மருணீக்கி. தம்பிக்காகத் திலகவதியார் உயிர் தரித்தார். அடைக்கலம் என்பதன் முதல் படி இதுவே: தம் துக்கம் தீராத நிலையிலும் இளையவருக்காக இருந்துகொண்டிருப்பது.

வளர்ந்த தம்பி சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு தமிழகத்துப் பாடலிபுத்திரத்து மடத்தில் உயர்ந்தார். திலகவதியார் அவரைத் துரத்திப் போகவில்லை. திருவதிகை வீரட்டானத்தில் அலகிடுவதும் மெழுகுவதும் மலர் தொடுப்பதுமாக இருந்து, தம்பிக்காக வேண்டிக்கொண்டார். கடும் வயிற்றுவலியான சூலை நோய் வந்து மடத்து மருந்துகள் எதுவும் பயன்படாதபோது, தருமசேனர் சமையற்காரனை அனுப்பித் தமக்கையை அழைத்தார். அந்த மடத்துக்கு நான் வர மாட்டேன் என்றார் அவர். தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தார். திலகவதியார் பழைய கணக்கு எதையும் எடுக்கவில்லை. திருநீறு அளித்தார், விடியுமுன் தம்மோடு கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

சமணத்தின் மீதான சேக்கிழாரின் பகைமையை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைப் படிப்பது இன்றைய வாசகரின் பொறுப்பு. ஒதுக்கிய பிறகும் அதில் நான்கு செய்திகள் நிற்கின்றன. பிரிந்து போகும் உரிமையைத் தமக்கை தம்பிக்கு மறுக்கவில்லை. திரும்பி வரும் இடத்தை அவர் காலி செய்யவில்லை. தம் நிலையை விட்டுக்கொடுத்து ஆதரவு தரவில்லை, அதாவது கனிவும் உறுதியும் ஒரே ஆளிடம் இருந்தன. வந்தபின் அவர் செய்தது தாம் அன்றாடம் செய்யும் தொண்டில் தம்பியையும் உடன் அழைத்துச் சென்றது. உபதேசம் என்று அவர் செய்தது அவ்வளவுதான்.

பற்றுவதா, பற்றப்படுவதா

துயரில் இருப்பவர் தாமே முயன்று எழ வேண்டுமா, பெரியவர் தூக்கிவிட வேண்டுமா என்பது வைணவத்தில் பெரிய விவாதம். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைச் சொன்னார்கள். விவாதம் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றியது. மனித உறவுக்கு அதைப் பொருத்தினால் இரண்டும் காலத்தால் வேறுபட்ட உண்மைகள் ஆகின்றன. துயரின் உச்சத்தில் பற்றிக்கொள்ளக் கையில் வலுவிருக்காது. அப்போது கவ்விச் செல்ல ஒருவர் வேண்டும். வலு திரும்பத் தொடங்கியதும் கவ்விய பிடி தளர வேண்டும். தளராத பிடி அடிமைத்தனமாகிவிடும்.

பெரியவர், சிறியவர் என்ற வரிசையே நிலையானதல்ல என்றும் தமிழ் மரபு சொல்கிறது. மெய்கண்டாரின் குடும்பக் குருவாக இருந்த வயது முதிர்ந்த சகலாகம பண்டிதர், சிறுவரான மெய்கண்டாரிடமே சீடராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார். தந்தை சிவனுக்குப் பிரணவத்தின் பொருள் சொன்ன முருகனின் கதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்துக் குன்றில் அந்த முருகன் கையில் கரும்போடு நிற்கிறான். இளையவரிடமிருந்து கற்க மறுக்கும் பெரியவரால் அந்த இளையவரின் துயரைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏலாக்குறிச்சி: வளர்ப்புத் தந்தையின் காப்பியம்

திருமழபாடியைப் போலவே கொள்ளிடத்தை ஒட்டிய இன்னொரு ஊர் ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680இல் பிறந்து இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்த வீரமாமுனிவர், அவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்து அங்கே அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பினார். திருக்காவலூர்க் கலம்பகம் அந்த மாதாவின் மீது பாடப்பட்டது. அவருடைய பெருங்காப்பியமான தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் வளன், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசை. தான் பெறாத பிள்ளையைக் காத்து வளர்த்தவரைத் தலைவராக்கிய காப்பியம் அது. அரசனின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையோடு எகிப்துக்கு ஓடுவதும், பிறகு தச்சுத் தொழிலில் பிள்ளையை வளர்ப்பதும் சூசையின் வாழ்க்கை. வெற்றியும் ஆட்சியும் இல்லாத, காவல் மட்டுமே கொண்ட வாழ்க்கை அது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் நூல் வழிகாட்டிகளுக்குத் தெளிவான விதிகள் தருகிறது. மனவறட்சியில் இருப்பவரிடம் கடுமை காட்டாமல் கனிவோடு நடந்து தைரியம் ஊட்ட வேண்டும். மனவறட்சி நீடிக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றவே கூடாது. வழிகாட்டி எந்தப் பக்கமும் சாய்க்காமல் தராசைப் போல் நடுவில் நிற்க வேண்டும். நல்லாசிரியருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளிலும் நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோல் இடம்பெறுகிறது. தம்முள் தொடர்பே இல்லாத இரண்டு மரபுகள் ஒரே கருவியை நாடியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து பெறும் பாடம் ஒன்றே: இளையவரின் வாழ்வில் முடிவு எடுக்க வேண்டியவர் இளையவர்தான்.

அதே வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை இதற்கு எதிர்ப்புறத்தைக் காட்டுகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்கள், விழுந்தால் எடுக்க வேண்டியவற்றின் பட்டியலை ஓலையில் எழுதி வைத்திருந்தார்கள். குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுந்தபோது பட்டியலில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்தார்கள். குருவை எடுக்கும்படி ஓலையில் எழுதியிருக்கவில்லை. விதிமுறையைக் காப்பாற்றி ஆளைப் பள்ளத்தில் விட்டுவிடும் ஆதரவு எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதைவிடக் கூரிய கேலி தமிழில் அரிது.

இளையவர் மீதான இந்த அக்கறை இஸ்லாத்திலும் உண்டு. குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் தம் மகனுக்குச் சொல்லும் அறிவுரைகள், அருமை மகனே என்ற அன்பான அழைப்போடு தொடங்குகின்றன. அழைப்பில் இருக்கும் வாஞ்சையே அறிவுரைக்கு வாசல் திறக்கிறது.

இன்றைய துயரங்கள்

பெரம்பலூரும் அரியலூரும் பெரிதும் மழையை நம்பிய மாவட்டங்கள். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவற்றின் விலை விழும் ஆண்டில் கல்லூரிக் கட்டணம் வீட்டுக் கடனாகிறது. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் தந்தை வளைகுடா நாட்டில் இருக்க, பிள்ளைகள் தாயோடும் தாத்தா பாட்டியோடும் வளர்கிறார்கள். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் வேலை தருகின்றன. லாரிகளும் தூசியும் அவற்றோடு வருகின்றன. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கு, எந்தக் கல்லூரி, எந்த விண்ணப்பம், தோற்றால் அடுத்தது என்ன என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி ஒருவர், பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி, 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். இத்தகைய இழப்புக்கு ஒரே காரணம் சொல்வது பிழை. ஆனால் ஓர் உண்மை மறுக்க முடியாதது. கொள்கையால் விளையும் துயரைத் தனிமனித அறிவுரையால் மட்டும் தீர்க்க முடியாது. தராசு போல் நடுவில் நிற்பது இளையவர் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்த விதி. அவருக்கு அநீதி நேரும்போது பெரியவர் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும்.

வேண்டுதலும் எல்லையும்

பிள்ளைக்குத் துன்பம் வந்தால் குடும்பம் முதலில் போவது பெரும்பாலும் கோயிலுக்கு. பெரம்பலூர் அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்கள், வெள்ளி நாட்களில் கோயில் வளாகத்திலேயே அரிசி இடித்து மாவிளக்கு போடுகிறார்கள். இந்த வேண்டுதலுக்கு உண்மையான பயன் உண்டு. கையறு நிலையில் நிற்கும் பெற்றோருக்குக் கையால் செய்ய ஒன்று கிடைக்கிறது, கலங்கிய மனம் சற்று அடங்குகிறது. ஆனால் வேண்டுதல் பிள்ளையோடு பேசுவதற்கு மாற்றாகாது. உனக்காக எவ்வளவு நேர்ந்துகொண்டேன் என்று சொல்லிக்காட்டும்போது அது பிள்ளையின் தலையில் ஏறும் இன்னொரு கடனாகிறது.

பெரியவரின் அன்புக்கும் எல்லை உண்டு. தூக்கமின்மை, உணவு வெறுப்பு, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை தொடரும்போது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அடைக்கலம். சூலை நோய்க்கு மருந்து தேடியதை எந்த அடியாரும் பழிக்கவில்லை. தமிழகத்தில் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 1098 உண்டு.

குரு என்ற நிலையைச் சுரண்டலுக்குப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள். இளையவரைப் பெற்றோரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரிப்பவர், ரகசியம் காக்கச் சொல்பவர், கேள்வி கேட்பதைத் துரோகம் என்பவர், உடலைத் தொட உரிமை கோருபவர் யாராயினும் அவர் வழிகாட்டி அல்லர். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். ஆன்மிகப் பட்டம் எதுவும் அதிலிருந்து விலக்குத் தராது.

இந்த மரபுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நிபந்தனை எல்லாம் பெரியவர் மேல் விழுகிறது. முதலில் கேட்க வேண்டும். கேட்காத எச்சதத்தர் தந்தை என்ற நிலையை இழந்தார். இருந்துகொண்டிருக்க வேண்டும்; திலகவதியார் இருந்ததால்தான் தம்பிக்குத் திரும்ப ஓர் இடம் இருந்தது. இளையவருக்கு வலு வந்ததும் விலக வேண்டும். தவத்துக்குப் புறப்பட்ட மகனைச் சிலாதர் தடுக்கவில்லை. அறிவுரைக்கு இவற்றுக்குப் பிறகே இடம், அதுவும் இளையவர் கேட்டால் மட்டும். தேர்வு முடிவு வரும் நாளிலோ, கடன்காரர் வாசலுக்கு வரும் நாளிலோ, வீட்டில் ஒரு பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், அன்று பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: அறிவுரையை நிறுத்திவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்பது.